கழிவு என்று எழுதிய மகனுக்கு

செப்டம்பர் 27, சனிக்கிழமை
மொட்டை மாடிப் படிக்கட்டு, மேலிருந்து இரண்டாம் படி

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கு நானும் உன் அம்மாவும் உன் அக்காவும் உடலளவில் நலமாக இருக்கிறோம். மனத்தளவில் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய் என்று உன் அம்மா முடிவு செய்துவிட்டாள், எனினும் அதை உன் கைப்பட எழுதி உறுதி செய்யவும். ஆகஸ்ட் 3ஆம் தேதியிட்ட உன் கடிதத்துக்கு இதுவே என் முறையான பதில். இடையில் செப்டம்பர் 1ஆம் தேதி தொலைபேசியில் பேசியதைப் பதிலாகக் கொள்ள வேண்டாம், ஏனெனில் அன்று நான் பேசியதைவிட நீ சிரித்ததே அதிகம், சிரிக்கிறவனிடம் குறையை முழுதாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை, காகிதம் சிரிக்காது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, தலையை ஈரத்தோடு விட்டுவிட்டு வேலைக்கு ஓடாதே. இந்தக் கடிதத்தின் மடிப்புகளில் மரத்தூள் இருந்தால் வியப்படையாதே. இப்போது இந்த வீட்டில் தூள் இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது, என் மூக்குக் கண்ணாடி உறைக்குள் இருக்கிறது, தேநீரின் அடியில் இருக்கிறது, நேற்றுக் காலையில் பல் துலக்கும்போது வாயில் இருந்தது, அது எந்த வழியாக அங்கே போயிற்று என்று ஆராய நான் விரும்பவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குப் பாதி தெரிந்திருக்கும், அந்தப் பாதியும் உன் அம்மா சொன்னதாகையால் முன்பின்னாகத் தெரிந்திருக்கும். உன் அக்காவை ஜூன் 2ஆம் தேதி திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரியில் இரவுப் பணிக்கு மாற்றினார்கள். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பாள், கண் அசரும் நேரத்தில் நம் பின்புறச் சந்துக்கு அப்பால் இருக்கும் மர மில்லில் ரம்பம் ஓடத் தொடங்கிவிடும். பல் டாக்டரின் கருவி யானைக்குப் பல் பார்த்தால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு சத்தம். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள், கூடத்தில் படுத்துப் பார்த்தாள், படிக்கட்டின் அடியில் பழைய பேப்பர்களுக்கு நடுவில்கூட ஒரு நாள் சுருண்டு படுத்திருந்தாள், எங்கும் தூக்கமில்லை. ஜூலை 28ஆம் தேதி இரவு வார்டில் ஊசி மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தக் கட்டிலுக்கு என்று நினைவுக்கு வராமல் அப்படியே நின்றுவிட்டாளாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு நர்ஸ் பார்த்துக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், ஆனாலும் மறுநாள் காலை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். அன்றுதான் மொட்டை மாடியில் அவள் பகலில் தூங்குவதற்கென்று ஓர் அறை எழுப்புவது என்று தீர்மானித்தோம். எதிர் வீட்டு என்ஜினீயர் வந்து, தளத்தைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்து, செங்கல் சுவர் வைத்தால் இந்தப் பழைய தளம் தாங்காது, சுவர் லேசாக இருந்தால் பார்க்கலாம் என்றார். செருப்போடு ஏன் ஏறினார் என்று நான் கேட்கவில்லை. லேசான சுவருக்கு என்ன வழி என்று உனக்கு அவசரமாகக் கூரியரில் எழுதினோம், கான்கிரீட்டை உடைத்துப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் ஆயிற்றே நீ.

உன் பதிலும் கூரியரிலேயே வந்தது. அதை இப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், எழுத்து மாறாமல் இங்கே தருகிறேன்: “மணலில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தை மரக்கழிவால் நிரப்பவும். மரக்கழிவைச் சலித்து, ஒரு நாள் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, அலசி, ஈரம் முழுதும் போவதற்குள் கலவையில் சேர்க்கவும். கல் லேசாக இருக்கும், வெயிலையும் சத்தத்தையும் குறைக்கும். பாரம் தாங்கும் சுவருக்கு ஆகாது, இரும்புக் கால்களுக்கு இடையில் அடைப்புச் சுவராக மட்டும் வைக்கவும்.” மரக்கழிவு. இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய், இரண்டு இடத்திலும் அதே சொல். முப்பத்தாறு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஆசிரியர் எழுதிய சொல்லில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம், சொல்லையே மாற்றும் உரிமை பிழை திருத்துகிறவனுக்குக் கிடையாது, அப்படி மாற்றியவர்கள் என் கண் முன்னே வேலையை இழந்திருக்கிறார்கள். ஆகவே ஆகஸ்ட் 9ஆம் தேதி சனிக்கிழமை காலையில் மில்லுக்குப் போய், உன் சொல்லை உன் சொல்லாகவே கேட்டேன். மில் முதலாளி மரத்தை மட்டும் அறுப்பவரல்லர், எதிரில் நிற்பவரையும் அறுப்பவர், தன் சம்பந்தியின் வயிற்றுக் கோளாறு வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, தூள் வேணுமா, சீவல் வேணுமா, கழிவு வேணுமா? தெளிவாச் சொல்லிடுங்க, அப்புறம் வந்து நிக்கக்கூடாது” என்றார். கழிவு என்றேன். “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்று கேட்டார். என் மகன் எழுத்திலேயே கொடுத்திருக்கிறான் என்று சொல்லிக் கடிதத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, மெஷின் எண்ணெய் படிந்த விரலை ஒவ்வொரு சொல்லின் மேலும் வைத்துப் படித்து (உன் கடிதத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் இன்றும் கறுப்பாக இருக்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது), “படிச்ச பிள்ளை எழுதியிருக்கு, நான் என்னத்தச் சொல்ல. பின்னாடி குழியில இருக்கு, அள்ளிக்கிட்டுப் போங்க, எங்களுக்கும் குழி காலியாகும்” என்றார். அவர் முகத்தில் அப்போது இருந்த மகிழ்ச்சியின் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

அந்தக் குழியை நீ பார்க்க வேண்டும். மரம் அறுக்கும்போது ரம்பத்தின் அடியில் உதிர்வது தூளாம், அதைத் தனியே சாக்கில் பிடிக்கிறார்கள். இழைக்கும்போது சுருள் சுருளாக வருவது சீவலாம், அது கோழிப் பண்ணைக்குப் போகிறது. இவை இரண்டும் போக, பட்டை, உளுத்த கட்டை, பசை ஒட்டிய பலகைத் துண்டு, நாள் முடிவில் தரையைக் கூட்டி அள்ளியது எல்லாம் சேர்ந்து குழிக்குப் போகிறது, அதற்குப் பெயர்தான் கழிவு. அதன் மேல் மில் நாய் படுத்திருந்தது, நாங்கள் அள்ளுவதற்காக அதை எழுப்பியபோது அது என்னை ஏளனமாகப் பார்த்தது. நம் மேஸ்திரியை உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்குப் போகும் காலத்தில் பின்சுவரைப் பூசினாரே அவரேதான். நடப்பது எதுவானாலும் “சரியாப்போச்சு” என்பார், சரியாகப் போனதற்கும் அதே சொல், சரியாகப் போகாததற்கும் அதே சொல், அதனால் தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் சாக்கைத் தோளில் ஏற்றும்போது, “சார், கழிவுன்னு எழுதியிருக்காரே தம்பி, மில்லுக் கழிவா, வீட்டுக் கழிவா? எதுக்கும் ஒரு தடவ கேட்டுக்கலாமே” என்றார். தூக்குங்கள் என்றேன். கேட்டிருக்கலாம். குளிக்கும் தண்ணீருக்கென்று வைத்திருந்த நீல டிரம்மில் சுண்ணாம்பைக் கரைத்து அதில் ஊறப்போட்டோம். மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது மேலே மிதந்தவற்றை உனக்கு எழுதுகிறேன், ஏனெனில் இவற்றை நான் மட்டும் சுமப்பது நியாயமல்ல: ஒரு செருப்பு வார், ஊதிப் பருத்த சிகரெட் துண்டுகள், காகிதத் தேநீர்க் கோப்பை, நாயின் ரோமம் கைப்பிடி அளவு, பல் உடைந்த சீப்பு, அந்தச் சீப்பில் யாருடையதோ முடி. நாற்றம் எத்தகையது என்றால், எதிர் வீட்டு என்ஜினீயர் அந்த வெயிலில் தம் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். உன் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்து, “என்னங்க, இது அறை கட்டறதுக்கா, இல்ல அக்கம்பக்கத்தைக் காலி பண்றதுக்கா?” என்று கேட்டாள்.

அதை அலசி, ஆகஸ்ட் 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நாலு சட்டி மணலுக்கு ஒரு சட்டி என்று சிமெண்டில் கலந்து அச்சில் வார்த்தோம். இரண்டு நாள் கழித்து அச்சைக் கழற்றினால் கல்லாக இல்லை. என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போயிற்று, வெளியே எடுத்தபோது நகத்தின் அடியில் ஏறிய குளிர்ந்த கூழை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. “சரியாப்போச்சு, இது கல்லு இல்ல சார், மெத்தை” என்றார் மேஸ்திரி. பாதி உதிர்ந்தது. மீதிப் பாதி மெல்ல மெல்ல இறுகியது, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேளாமல், ஆகஸ்ட் 26ஆம் தேதி அதை வைத்து இடுப்புயரத்துக்கு மில் பக்கத்துச் சுவரை மேஸ்திரி எழுப்பினார். அடுத்த இரண்டு நாள் மழை. 30ஆம் தேதி சனிக்கிழமை காலையில் மேலே போய்ப் பார்த்தால் சுவரிலிருந்து காளான் முளைத்திருக்கிறது. ஒன்றல்ல, குடும்பமாக முளைத்திருக்கிறது, கீழே ஒரு வெள்ளைப் பூஞ்சை, பூனையின் வயிற்று முடியைப் போல, விரித்துப் படுத்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் கை கழுவிய பிறகே கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவன், தொட்ட பிறகும் கழுவுகிறவன், என் வீட்டுச் சுவருக்குப் பூஞ்சை பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா, “நல்லதாப் போச்சு, இனிமே காய்கறிக் கடைக்குப் போற வேலை மிச்சம்” என்றாள். இந்த வீட்டில் எதற்குத்தான் சிரிப்பது என்று ஒரு வரைமுறை இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, பணிக்குக் கிளம்பும் முன் உன் அக்கா மேலே வந்தாள். சுவரைச் சுற்றிப் பார்த்தாள், ஒரு கல்லின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள், சுரண்டச் சுரண்ட ஏதோ நூலாக வந்தது, பிடித்து இழுத்தாள். “அப்பா, இது விரல் கட்டு. பிளாஸ்டர் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, காஞ்ச ரத்தம்கூட இருக்கு பாருங்க. மில்லுல யாரோ கையை அறுத்துக்கிட்டுப் போட்ட கட்டு” என்று சாதாரணமாகச் சொன்னாள், நர்ஸ் வேலை பார்த்துப் பார்த்து அவளுக்கு அருவருப்பு என்னும் உணர்ச்சியே மரத்துவிட்டது. எனக்கு மரக்கவில்லை, நான் மாடியின் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டேன். “என்னை இதுக்குள்ளயா தூங்கச் சொல்றீங்க? வார்டுலயாவது கட்டு நோயாளி கையில இருக்கும், சுவத்துல இருக்காது” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: “ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே குவார்ட்டர்ஸ்ல ரூம் தராங்கப்பா. வேணும் வேண்டாம்னு செப்டம்பர் இருபத்தொம்பதாம் தேதி திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும். எனக்கு இங்க உங்களோட இருக்கத்தான் ஆசை. ஆனா தூக்கம் வேணும்பா. கையில ஊசியோட நான் இன்னொரு தடவ அப்படி நிக்க முடியாது.” உன் அம்மா படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலும், இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கிளம்பும்போது உன் அக்கா என் சட்டையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, “அதுக்குள்ள ஒரே ஒரு பகல் நான் நடுவுல முழிக்காம இந்த அறையில தூங்கி எழுந்தா, வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன், சரியா?” என்றாள். சரி என்றேன். நீ போன பிறகு உன் அறையில் இஸ்திரி மேசையைப் போட்டோம், அதன் மேல் இப்போது இஸ்திரி போடாத துணிதான் குவிந்திருக்கிறது. அவள் அறையில் எதைப் போடுவது என்று அன்று இரவு உன் அம்மா கேட்டாள். இந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டால் நான் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 1ஆம் தேதி உன்னைத் தொலைபேசியில் அழைத்தது இந்த நிலையில்தான். நீ என்ன செய்தாய் என்பதை நினைவூட்டுகிறேன். காளான் வரை பொறுத்துக் கேட்டாய், கட்டு என்று நான் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவன், உடன் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு அவர்கள் மொழியில் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தாய், என் சுவரைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் ஒரு கண்டம் தாண்டிச் சிரித்தார்கள். பிறகு, “அப்பா, தூள்னு கேட்டிருக்கணும். கழிவுங்கறது எங்க ஆபீஸ்ல எழுதற வார்த்தையை அப்படியே தமிழாக்கினதுப்பா” என்றாய். பட்டையிலும் உளுத்த கட்டையிலும் உள்ள சாறு சிமெண்டை இறுகவிடாது, நல்ல கட்டையிலிருந்து உதிர்ந்த சுத்தமான தூள்தான் ஆகும், அதையும் ஊறவைப்பது அந்தச் சாறு போவதற்காகத்தான் என்று விளக்கினாய். விளக்கம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். தூளை மில்லுக்காரர் தூள் என்கிறார், மேஸ்திரி தூள் என்கிறார், உன் அம்மா தூள் என்கிறாள், நாயை விட்டுவிட்டால் அந்தத் தெருவில் எல்லோரும் தூள் என்கிறார்கள். நீங்கள் மட்டும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு அதற்குக் கழிவு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். மணலின் இடத்தில் உட்கார வேண்டிய பொருள் அது, ஒருவரின் தலைமாட்டில் சுவராக நிற்க வேண்டிய பொருள். வேலைக்கு எடுத்துக்கொண்ட பிறகும் அதைக் கழிவு என்று அழைப்பது எனக்குச் சகிக்கவில்லை. பொருளில் அழுக்கு இருந்தால் சுண்ணாம்பு நீரில் போகும். சொல்லில் இருந்தால் எதில் ஊறவைப்பது?

செப்டம்பர் 3ஆம் தேதி மறுபடியும் மில்லுக்குப் போனேன். வாசலில் மரம் இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “முதலாளி, கழிவு சார் வந்திருக்காரு!” என்று கூவினான். ஆம். இந்த வயதில், முப்பத்தாறு ஆண்டு உத்தியோகத்தில் ஒரு கறைகூடப் படாமல் ஓய்வு பெற்று வந்தவனுக்கு, இந்தத் தெரு வைத்திருக்கும் பெயர் இது. ரொட்டிக் கடையில் அப்படித்தான் அழைக்கிறார்கள், முடிதிருத்துகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு “நீங்கதானே அந்தக் கழிவு சார்?” என்று கேட்டார். பழையதைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று மில் முதலாளியிடம் கேட்டேன், “கழிவை நாங்க திருப்பி எடுக்கறதில்லைங்க, வழக்கமில்ல” என்று மரியாதையாகச் சொன்னார். காளான் சுவரை இடித்து, மூட்டை கட்டி, குப்பை வண்டிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்துப் போகும் வரை நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

இம்முறை தூள். ஒரே நிறத்தில், காய்ந்த மரத்தின் மணத்தோடு, சாக்கில் கட்டித் தந்தார்கள். சலிப்பதற்கு உன் அம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்தேன். “அதைத் தொட்டீங்க, அப்புறம் உங்க சாப்பாட்டையும் அந்த மில்லுலயே பாத்துக்குங்க” என்றாள், தொட்டேன், சாப்பாடு வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் புதுச் சல்லடை இன்னும் வாங்கித் தரவில்லை என்பது ஒவ்வொரு வேளையும் எனக்கு அறிவிக்கப்படுகிறது. டிரம்மை மூன்று முறை கழுவி ஊறப்போட்டேன், அலசிய நீர் தேநீர் நிறத்தில் வந்தது, நிறம் வெளுக்கும் வரை அலசினேன். செப்டம்பர் 6ஆம் தேதி வார்த்தோம். 8ஆம் தேதி அச்சைக் கழற்றிக் கட்டைவிரலை வைத்தேன், போகவில்லை. மேஸ்திரி “சரியாப்போச்சு” என்றார், குரலை வைத்துத்தான் பொருளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது, இம்முறை அது சரியாகவே போயிருந்தது. பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருந்தோம், ஈரச் சாக்கின் நாற்றம் எத்தகையது என்பதை விட்டுவிடுகிறேன். உன் அம்மா ஒரு கல்லைத் தனியாகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “சின்னவன் ஆறு மாசத்துல இதைவிட கனமா இருந்தான்” என்றாள். எதிர் வீட்டு என்ஜினீயர் வந்தார், மறுபடியும் செருப்போடு, ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார், தாங்கும் என்றார். 22ஆம் தேதி திங்கட்கிழமை தொடங்கி இரும்புக் கால்களுக்கு இடையில் சுவரை அடைத்தார்கள். மில் பக்கம் ஜன்னலே கிடையாது, மேலே தகடும் அதன் அடியில் பலகையும், நேற்று மாலை பழைய ஸ்டோர் ரூம் கதவைக் கழற்றி வந்து மாட்டினோம். பூச்சு வேலை இன்னும் பாக்கி. அது ஆகும் வரை காத்திருக்க நாள் இல்லை.

இன்று காலை உன் அக்கா பணி முடிந்து வந்து, பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு நேராக மேலே போனாள். கதவைச் சாத்தும் முன், “முழிச்சா சொல்லிடுவேன்பா, பொய் சொல்லமாட்டேன்” என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள், அதுதான் எனக்குக் கவலை. நான் இந்தப் படியில் உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கினேன். கீழே சந்துக்கு அப்பால் ரம்பம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இன்று பார்த்து ஏதோ முடிச்சு விழுந்த கட்டையை அறுக்கிறார்கள் போலும், நடுநடுவே கத்துகிறது, கத்தும்போதெல்லாம் என் பேனா ஒரு கோடு இழுக்கிறது, மேலே நீ பார்க்கும் கோடுகள் அவைதாம், அடித்தல் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு முறை கதவில் காதை வைத்துக் கேட்டேன். ரம்பம் கேட்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் எங்கோ யாரோ துணி கிழிப்பதைப் போல அவ்வளவுதான். உன் அம்மா பாதிப் படி ஏறி வந்து, தூங்குகிறாளா என்று கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்து காட்டிக் கேட்டாள், தெரியாது என்று கையை விரித்தேன், தட்டில் சோற்றைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள், அதிலும் தூள்.

உணவு முடிந்து தட்டைத் தள்ளி வைத்த சற்று நேரத்தில் மேஸ்திரி வந்துவிட்டார். பூச்சு வேலைக்கு அளவு எடுக்க வந்தாராம். கீழே உன் அம்மா தடுப்பதற்குள் படியேறி, என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து, அவர் எதைச் சொல்வார் என்று உனக்குத் தெரியும், எவ்வளவு உரக்கச் சொல்வார் என்றும் தெரியும், “சரியா” என்பது வரை வெளியே வந்துவிட்டது. நான் எழுந்து அவர் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கையால். அந்த மீசையில் இருந்த வியர்வை, தூள், சற்று முன் குடித்த தேநீர், எல்லாம் என் கைக்குள் இருந்தன, அவர் மூச்சு சூடாக விரல்களுக்கு நடுவே வந்தது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. இருவரும் அப்படியே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஒரு புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அவர் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மாடிக் குழாயைத் திறந்தால் அது ஊளையிடும், கீழே போனால் கதவை விட்டுப் போக வேண்டும், ஆகவே கையை இன்னும் கழுவவில்லை. இந்தப் பத்தியை அந்தக் கையால்தான் எழுதியிருக்கிறேன், காகிதத்தைப் பிடிக்கும்போது நினைவில் கொள்.

மீதியை இப்போது கீழே கூடத்தில் உட்கார்ந்து, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எழுதுகிறேன். வெயில் சாய்ந்து உன் அம்மா விளக்கைப் போடும் நேரத்தில் மேலே கதவு திறந்தது. உன் அக்கா கன்னத்தில் பாயின் கோடுகளோடு படியில் நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு, “மில்லு இன்னிக்கு லீவாப்பா?” என்று கேட்டாள். உன் அம்மாதான், “லீவா? உங்கப்பா காலையிலேர்ந்து அந்த மில்லை முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, அவர் முறைப்புக்குப் பயந்துகூட அது நிக்கல” என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் பாத்திரங்களை நகர்த்திக்கொண்டிருந்தாள், நகர்த்த வேண்டிய பாத்திரம் ஒன்றும் அங்கே இல்லை.

சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து உன் அக்கா ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பத்தை எழுதிவிட்டாள், திங்கட்கிழமை கொடுக்கிறாள். வழக்கம்போல என்னிடம் நீட்டி, “பிழை இருந்தா பாருங்கப்பா” என்றாள். பார்த்தேன். குவார்ட்டர்ஸ் அறை எனக்குத் தேவை படவில்லை என்று எழுதியிருக்கிறாள். தேவைப்படவில்லை என்று வர வேண்டும், நடுவில் ஒரு ‘ப்’ விடுபட்டிருக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகளில் நான் பார்த்தும் விட்ட முதல் ஒற்றுப்பிழை அது. திருத்தினால் அவள் இன்னொரு தாளில் முதலிலிருந்து எழுத உட்காருவாள், எழுதும்போது யோசிப்பாள். சரியாக இருக்கிறது என்று சொல்லி, நானே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த தூக்கத்தோடும் நன்றாக இரு. வேலையில் எந்தப் பொருளுக்கும் பெயர் வைக்குமுன் அதை அள்ளுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். உன் அம்மாவுக்கு ஒரு மாவுச் சல்லடை அங்கே நல்லதாகக் கிடைத்தால் வரும்போது கொண்டு வா, வரும் தேதியை இம்முறை மாதத்தோடு நிறுத்தாமல் நாளோடு எழுது. பதில் உறையின் மேல் என் பெயரைத் தலைப்பெழுத்துடன் முழுமையாக, தெளிவாக எழுதவும். புதிதாக வந்திருக்கும் தபால்காரர் மில் வழியாகத்தான் வருகிறார்.

கழுவிய கையால் ஆசி கூறும்,
உன் அப்பா